மான்டரே விரிகுடாவின் பச்சை நீரில் படம் எடுப்பது எப்படி?

அலைவாய்:
வணக்கம். மாலத்தீவில் ஸ்கூபா கற்றுக்கொண்டு, அந்தத் தெளிந்த நீரிலேயே இரண்டு ஆண்டுகள் படம் எடுத்துப் பழகிய நான், இப்போது கலிபோர்னியாவுக்குக் குடிவந்திருக்கிறேன். சென்ற மே மாதம் மான்டரேயின் சான் கார்லோஸ் கடற்கரையில் முதன்முறையாக இறங்கினேன். 7 மில்லிமீட்டர் தடிமனுள்ள வெட் சூட் என்னும் குளிர்காப்பு உடை அணிந்திருந்தும், 11 டிகிரி செல்சியஸ் நீரில் அரை மணி நேரத்துக்குள் விரல்கள் மரத்துப்போய், கேமராவின் பொத்தான்களே தட்டுப்படவில்லை. அதைவிட அதிக வருத்தம் தந்தவை படங்கள்தாம். எல்லாவற்றிலும் மாவு தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள். பின்னணியோ கலங்கிய பச்சை. பாதி நேரத்துக்குப் பிறகு ஹவுசிங்கின் (கேமராவை நீர் புகாமல் காக்கும் பெட்டி) கண்ணாடியில் உட்புறமாக ஆவி வேறு படிந்துவிட்டது. படம் எடுக்கும் கணத்தில் மின்னும் இரண்டு ஸ்ட்ரோப் விளக்குகளும், மிக அகன்ற காட்சியைப் பிடிக்கும் ஃபிஷ்ஐ லென்ஸும் என்னிடம் உள்ளன. எங்கே தவறு செய்கிறேன் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கெல்ப்காடு:
வணக்கம் நண்பரே. நீங்கள் இறங்கிய மாதத்திலேயே பாதி விடை இருக்கிறது. வசந்த காலத்தில் வடமேற்குக் காற்று கரையோரமாக வீசும்போது மேல்மட்ட நீர் கரையைவிட்டு விலகிச் செல்ல, ஆழத்தில் இருந்த குளிர்ந்த, சத்து மிகுந்த நீர் அந்த இடத்துக்கு மேலெழுந்து வருகிறது. அந்தச் சத்தை உண்டு நுண்பாசிகள் பல்கிப் பெருகுவதால்தான் நீர் பச்சையாகிறது. கெல்ப் என்னும் நெடும் கடற்பாசிகளின் காடும் அதில் வாழும் அத்தனை உயிர்களும் இந்தக் குளிர்நீரை நம்பியே இருப்பதால், அந்தப் பச்சையை நான் குறையாக நினைப்பதில்லை. தெளிவு வேண்டுமென்றால் செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலான நாட்களில் இறங்கிப் பாருங்கள்.

வெள்ளைப் புள்ளிகளுக்குக் காரணம், லென்ஸுக்கும் உயிருக்கும் இடையில் மிதக்கும் துகள்கள் மீது உங்கள் ஸ்ட்ரோப் ஒளி நேராக விழுவதுதான். மாலத்தீவில் ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று எடுத்த பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். குளிர்நீர்ப் படப்பிடிப்பு என்பது இடையில் உள்ள நீரைக் குறைக்கும் வேலை என்றே நான் சொல்வேன். சான் கார்லோஸிலிருந்து கடலடியில் கிடக்கும் பழைய குழாயைப் பின்பற்றி நீந்தினால், ஏறத்தாழ 15 மீட்டர் ஆழத்தில் மெட்ரிடியம் என்னும் வெண்ணிறக் கடல் சாமந்திகள் (பூப்போலத் தோன்றும் உயிரினங்கள்) கூட்டமாக நிற்கும் இடத்துக்குப் போய்ச் சேரலாம். அவற்றுள் ஒன்றன் முன்னால், லென்ஸின் முன் குவிந்திருக்கும் டோம் கண்ணாடிக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளி மட்டும் இருக்கும்படி, எதையும் தொடாமல் மிதந்து நில்லுங்கள். ஸ்ட்ரோப்களை டோமின் விளிம்புக்குச் சற்றுப் பின்னால் இழுத்து, அவற்றின் முகத்தை வெளிப்புறமாகத் திருப்பி வைத்தால், ஒளிக்கூம்பின் ஓரம் மட்டும் சாமந்தியைத் தொடும். நடுவில் உள்ள துகள்கள் இருளிலேயே இருந்துவிடும். முதலில் ஷட்டரை 1/125 நொடி அளவில் வைத்துப் பின்னணிப் பச்சையைச் சரிசெய்துகொண்டு, அதன் பிறகே ஸ்ட்ரோபின் வலிமையைக் கூட்டுங்கள்.

உப்புக்காற்று:
ஆவி பற்றி மட்டும் சொல்கிறேன். கடற்கரையின் ஈரக்காற்றில் ஹவுசிங்கை மூடினால் அந்த ஈரம் உள்ளேயே தங்கி, குளிர்நீர் பட்டவுடன் கண்ணாடியில் படியும். முந்தைய இரவே வீட்டில் வறண்ட அறையில் மூடி, புதிய சிலிக்கா ஜெல் பைகள் இரண்டை உள்ளே வைத்துவிடுங்கள். மூடுமுன், நீர் புகாமல் அடைக்கும் ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையத்தில் ஒரு முடிகூட ஒட்டியிருக்கவில்லை என்பதை விளக்கொளியில் பார்த்துவிடுவது நல்லது. ஹவுசிங்கை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவைக்காதீர்கள். குளிரில் பேட்டரி விரைவில் தளரும் என்பதால் ஒவ்வொரு முறையும் முழுதாக ஏற்றிய பேட்டரியுடன் இறங்குங்கள். விரல்களுக்கு, நீர் உள்ளே புகாத டிரை சூட்டும் உலர்கையுறையும்தான் தீர்வு. ஆனால் டிரை சூட்டில் மிதவையைக் கட்டுப்படுத்தக் கேமரா இல்லாமல் சில முறை பழகிய பிறகே படம் எடுக்கத் தொடங்குங்கள்.

கெல்ப்காடு:
இன்னொன்றையும் சேர்க்க விரும்புகிறேன். கடல்நாய்கள் உங்கள் துடுப்பைக் கவ்வி இழுக்க வந்தால் அசையாமல் இருந்து எடுங்கள். நீங்களாகத் துரத்த வேண்டாம். கடல்பாலூட்டிகளைத் தொந்தரவு செய்வதை அமெரிக்காவின் 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. அது ஒருபுறம் இருக்க, துரத்தி எடுத்த படத்தில் விலகி ஓடும் முதுகு மட்டுமே கிடைக்கும்.

அலைவாய்:
அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. அக்டோபரில் மீண்டும் இறங்கினேன். ஆவி படியவில்லை, புள்ளிகளும் பெருமளவு குறைந்துவிட்டன. கெல்ப் இலை ஒன்றில் மெலிபி என்னும் ஓடில்லாக் கடல் நத்தையைக் கண்டேன். கண்ணாடிபோன்ற உடல், தலையில் இருக்கும் பெரிய முக்காட்டை வீச்சுவலைபோல விரித்து, இரை அகப்பட்டதும் ஓரங்களைச் சேர்த்து மூடிக்கொள்கிறது. முன்னாலிருந்து ஒளி கொடுத்தபோது அது படத்தில் வெளிறிப்போனது. ஒரு ஸ்ட்ரோபை அணைத்துவிட்டு, மற்றொன்றை அதன் பக்கவாட்டில் சற்றுப் பின்னாகக் கொண்டுபோனபோது, முக்காட்டின் விளிம்பில் இருக்கும் மெல்லிய இழைகள் ஒவ்வொன்றும் கறுத்த நீரின் முன் தனித்தனியாகத் தெரிந்தன.