‘பிளாக் டைம்’ என்பதற்குத் தமிழில் என்ன?

மொழிபெயர்ப்பாளர்:
அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். புவியியல் துணைநூல் ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டியுள்ளது. சிலியின் சாந்தியாகோவுக்கும் பசிபிக் நடுவே ஈஸ்டர் தீவிலுள்ள மட்டவேரி விமான நிலையத்துக்கும் இடையே ஏறத்தாழ 3,750 கி.மீ.; இதைப் ‘பெருவட்டத் தொலைவு’ (உருண்டையான புவியின் மேல் இரு இடங்களுக்கு இடையே மிகக் குறுகிய வழியின் நீளம்) என்று எழுதிவிட்டேன். நேரத்தில்தான் இடறுகிறேன். சக்கரம் தரையை விட்டது முதல் மீண்டும் தொடும் வரை ‘பறப்பு நேரம்’ எனலாம். ஆனால் கால அட்டவணையில் வருவது ‘பிளாக் டைம்’. அதாவது சக்கரக் கட்டையை எடுத்து விமானம் நகர்ந்தது முதல், போய்ச்சேர்ந்து மறுபடி கட்டை வைக்கும் வரை. தீவுக்குப் போக அது ஐந்தரை மணியை ஒட்டி வருகிறது. மேல்காற்று மேற்கிலிருந்து வீசுவதால் திரும்பும்போது குறைகிறது. இரண்டையும் பறப்பு நேரம் என்றே எழுதினால், மாணவர் 3,750-ஐ ஐந்தரையால் வகுத்து, மணிக்கு 900 கி.மீ. அளவில் பறக்கும் போயிங் 787-க்கு 680 கி.மீ. வேகம் என்று விடை எழுதுவார்.

இலக்கண ஆசிரியர்:
‘இருதளைக் காலம்’ என்க. தளை என்பது கட்டு. யாப்பில் நின்ற சீரையும் வரும் சீரையும் பிணைப்பதும் அதுவே. உரையாசிரியர்கள் வினையைப் பொருளின் புடைபெயர்ச்சி, அதாவது அசைவு, என்பார்கள் ஆதலின், ‘புடைபெயர் காலம்’ என்பதும் பொருந்தும்.

பள்ளி ஆசிரியை:
ஐயா, தளை என்று எழுதினால் என் மாணவிகள் வெண்டளை, ஆசிரியத்தளை என்று ஒப்பிக்கத் தொடங்கிவிடுவார்கள். மூலச்சொல்லே கட்டையைத்தானே குறிக்கிறது? ‘கட்டை நேரம்’ போதும்.

ஓய்வுபெற்ற பொறியாளர்:
விமானம் என்றதும் புறநானூற்றின் ‘வலவன் ஏவா வானவூர்தி’யை இதுவரை யாரும் இழுத்து வராதது நம் நல்லூழ். அம்மா, ‘கட்டையில் போக’ என்ற வசையைக் கேட்டு வளர்ந்த பயணியிடம் கட்டை நேரம் ஐந்தரை மணி என்று சொல்ல எனக்கு வாய் வராது. ‘முட்டுக்கட்டை நேரம்’ என்றாலோ, தாமதத்தைச் சொல்வதாகிவிடும். எனினும் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களிடம் நமக்கு வேண்டிய சொல் இருக்கிறது. தேர் நிலையை விட்டுக் கிளம்புகிறது, வீதி சுற்றி நிலைக்கு வருகிறது. விமானமும் ஒரு நிலையிலிருந்து கிளம்பி இன்னொரு நிலையை அடைகிறது. ஆகவே ‘நிலையிடை நேரம்’.

பள்ளி ஆசிரியை:
தேரை நினைக்காதவர்கள் அதை நிலையங்களுக்கு இடைப்பட்ட நேரம் என்று படிப்பார்கள்.

இலக்கண ஆசிரியர்:
நிலையம் என்பது இடையோடு சேர்ந்தால் ‘நிலையவிடை’ என்றாகும். நிலை சேர்ந்தால்தான் ‘நிலையிடை’. மயக்கத்துக்கு இடமில்லை.

பள்ளி ஆசிரியை:
இந்தப் புணர்ச்சியை உணர்ந்து படிக்கும் மாணவிக்கு ‘பிளாக் டைம்’ என்றே எழுதினாலும் புரிந்துவிடும், ஐயா.

மொழிபெயர்ப்பாளர்:
எழுதிய மூவரில் பொறியாளர் முன்மொழிந்தார்; இலக்கண ஆசிரியர் தம் தளையைக் கைவிடாமலே ஒப்புகிறார். நாளை நூல் அச்சுக்குப் போவதால், அட்டவணையில் ‘நிலையிடை நேரம்’ என்றும், அதன் கீழே சிறிய எழுத்தில் ‘கட்டை எடுத்தது முதல் கட்டை வைத்தது வரை’ என்றும் இடுகிறேன்.

பள்ளி ஆசிரியை:
வகுப்பில் நான் அந்தச் சிறிய எழுத்தைத்தான் படித்துக் காட்டுவேன்.