ஒதிய மரத்தில் வளர்ந்த நிலா அந்துப்பூச்சி

நிலா அந்துப்பூச்சியை அடையாளம் காண்பது எளிது. வெளிர்பச்சை இறக்கைகள், முன்னிறக்கையின் மேல் விளிம்பில் அரக்கு நிறப் பட்டை, ஒவ்வோர் இறக்கையிலும் ஒரு கண்புள்ளி, பின்னிறக்கையில் முறுக்கிக்கொண்டு தொங்கும் நீண்ட வால். இறக்கையை விரித்தால் பெரும்பாலும் 10 செ.மீ.க்குக் குறையாது. உணர்கொம்பு அடர்ந்த இறகுபோல் இருந்தால் ஆண். மெலிந்த உணர்கொம்பும் பருத்த வயிறும் இருந்தால் பெண்.

புழுவைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். பச்சை இலைக்கு நடுவே பச்சைப் புழு, கண்ணுக்கு எதிரே இருந்தாலும் தெரியாது. அதனால் நான் தரையைத்தான் முதலில் பார்ப்பேன். ஒதிய மரத்தடியில் மிளகு அளவில், நீளவாக்கில் வரிப்பள்ளம் விழுந்த எச்சங்கள் கிடந்தன. நேர் மேலே அண்ணாந்து பார்த்தபோது, காம்பைப் பற்றிக்கொண்டு இலையின் ஓரத்தை அரைவட்டமாக அரிந்து தின்றுகொண்டிருந்தது. உடல் முழுக்க மஞ்சள் முண்டுகள், அவற்றின் மேல் விறைப்பான முடிகள். முட்டையிலிருந்து வந்த புதிதில் இதே புழு சிவப்பாக, நடுவில் கருப்புப் பட்டையுடன் இருக்கும். வேறோர் இனம் என்றே தோன்றும். தோலுரித்துத் தோலுரித்துத்தான் இந்தப் பச்சைக்கு வருகிறது.

வளர்ந்தபின் இலைகளைப் பட்டு இழையால் இழுத்துச் சேர்த்துக் கூடு கட்டிக்கொள்ளும். இலை உதிரும்போது கூடும் சருகோடு சருகாகக் கீழே வந்துவிடும். மரத்தடிச் சருகைக் கூட்டிக் கொளுத்துவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. உள்ளே உயிரோடு கூட்டுப்புழு இருக்கக்கூடும்.

வெளிவந்த பூச்சி சோர்ந்து கிடக்கிறதே என்று சர்க்கரைத் தண்ணீர் வைக்காதீர்கள். உண்பதற்கான வாயுறுப்பே அதற்கு வளர்வதில்லை. புழுப் பருவத்தில் சேர்த்த கொழுப்பை வைத்தே ஒரு வாரம் போல வாழ்ந்து, இணைசேர்ந்து, முட்டையிட்டு முடித்துவிடும். பகலில் அசையாமல் இருப்பது அதன் இயல்பு.

வால் வெறும் அழகுக்கு அல்ல. இதன் வட அமெரிக்க உறவான லூனா அந்துப்பூச்சியை வைத்து நடந்த ஆய்வு 2015இல் வெளியானது. வௌவால்களின் தாக்குதலில் பாதிக்கு மேல் வாலின் மீதே விழுந்தது. வாலை நீக்கிய பூச்சிகள் அதிகம் பிடிபட்டன. வால் கிழிந்த பூச்சி உங்கள் கண்ணில் பட்டால், அது வௌவாலிடமிருந்து தப்பி வந்ததாகவும் இருக்கலாம்.

ஒதியம் தவிர வேறு பல மரங்களிலும் இந்தப் புழு வளரும். நீங்கள் எந்த மரத்தில் பார்த்தீர்கள், எந்த மாதத்தில் என்பதைக் கட்டாயம் எழுதுங்கள்.