சீன வீட்டுக்கு மாப்பிள்ளையாக, மருமகளாகப் போனவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஷென்ஜென் (கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து வாரம்)

எல்லோருக்கும் வணக்கம். நான் திருச்சி, பெண் குவாங்தொங் மாகாணம், ஜோங்ஷான் பக்கம். சட்டப்படி எங்களுக்குக் கல்யாணமாகி நாலு மாதம் ஆகிவிட்டது. சடங்கும் விருந்தும் அடுத்த மாதம் அவள் ஊரில்.

பேப்பர் வேலை பற்றி நிறைய பேர் கேட்கிறார்கள், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 'இவன் இன்னும் கல்யாணமாகாதவன்' என்று ஊரில் ஓர் உறுதிமொழிப் பத்திரம், அதற்கு நோட்டரி, அதன் மேல் நம் வெளியுறவுத் துறை முத்திரை, அதன் மேல் சீனத் தூதரக முத்திரை, கடைசியில் சீன மொழிபெயர்ப்பு. ஒரே ஒரு தாளுக்காக இரண்டரை மாதம் அலைந்தேன். பதிவு அலுவலகத்தில் ஆன நேரம் அரை மணி. சிவப்புப் பின்னணியில் இருவரும் தோளோடு தோள் ஒட்டி எடுத்த போட்டோ, கையெழுத்து, ஆளுக்கொரு சிவப்புப் புத்தகம், அவ்வளவுதான். கட்டணம்கூட இல்லை. முன்பு 9 யுவான் வாங்கினார்களாம், 2017ல் அதையும் எடுத்துவிட்டார்கள். ஆணுக்கு 22, பெண்ணுக்கு 20 வயது முடிந்திருக்க வேண்டும்.

சிவப்புப் புத்தகத்தை அம்மாவுக்கு அனுப்பியதுதான் தப்பு. "அப்ப கல்யாணம் முடிஞ்சே போச்சா? பத்திரிகை அடிக்கிறதா வேண்டாமா?" என்று ஒரு வாரம் பேசவில்லை. இங்கே பதிவு ஒரு நாள், விருந்து ஆறு மாதம் கழித்து என்பது சாதாரணம். வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இப்போது சடங்கை நினைத்தால்தான் உதறுகிறது. வாசலில் மடக்குவார்கள், ஷூவை ஒளித்து வைப்பார்கள், மண்டி போட்டு டீ கொடுக்கணும் என்கிறாள். அம்மா அப்பா வேறு வருகிறார்கள். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஃபோஷான் (கல்யாணமாகி ஆறு வருடம்)

தம்பி, வாசலுக்கும் ஷூவுக்கும் பயப்படாதீர்கள், அது விளையாட்டு. தோழிகள் கதவைச் சாத்திக்கொண்டு 9,999 யுவான் கேட்டார்கள். என் கூட வந்த நண்பன் டைல்ஸ் கன்டெய்னருக்குப் பேரம் பேசியே நரைத்தவன், 999க்கு முடித்தான். 9 என்றால் நீடித்து நிற்பது, அதனால் எண்ணை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். அப்புறம் இனிப்பு, புளிப்பு, கசப்பு, காரம் நாலையும் தின்னச் சொன்னார்கள். பச்சை மிளகாயை நான் பாட்டுக்கு மென்றதில் அவர்களுக்குத்தான் ஏமாற்றம். ஷூ ரைஸ் குக்கருக்குள் இருந்தது.

புதுசாகத் தெரிகிற இடத்தில் நம் ஆட்கள் ஜாக்கிரதையாகத்தான் இருப்பார்கள். 'அட, இது நம்மூர் மாதிரியே இருக்கே' என்று தோன்றும் பாருங்கள், அங்கேதான் வழுக்கும். நாள் பார்த்தபோதே எனக்கு அப்படித்தான் இருந்தது. மாமியார் துங் சிங் என்று ஒரு தடித்த புத்தகத்தை எடுத்தார். பிறந்த வருஷம், மாதம், நாள், நேரம் எல்லாம் கேட்டார். நம் பஞ்சாங்கமேதான். புத்தகம் என்கிற சொல்லும் தோல்வி என்கிற சொல்லும் அவர்கள் வாயில் ஒரே மாதிரி ஒலிப்பதால், பெயரிலேயே 'ஜெயம்' என்று மாற்றி வைத்திருக்கிறார்கள். இதைக் கேட்டு அம்மாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். சம்பந்தி வீடு நம்ம மாதிரிதான்டா என்றார்.

வழுக்கியது மொய்யில்.

என் தாய்மாமா உசிலம்பட்டி. அந்தப் பக்கம் மொய் என்றால் என்னவென்று உங்களுக்கே தெரியும். அவர் கல்யாண மொய் நோட்டு இன்னும் பீரோவில் இருக்கிறது. ஃபோஷானுக்கு வரும்போது ஊர்க் கடையில் மொய் கவர் ஒரு கட்டு வாங்கி வந்திருந்தார். சந்தன நிறம், மேலே பிள்ளையார், மூலையில் ஒட்டின ஒரு ரூபாய் நாணயம். உள்ளே 1,000 யுவான் வைத்து, வெளியே அந்த ஒரு ரூபாய்.

ஹோட்டல் வாசலில் மாமியார் நின்று விருந்தாளிகளை வரவேற்றுக்கொண்டிருந்தார். மாமா சுற்றும் முற்றும் பார்த்தார். "மொய் எழுதுற மேசை எங்கடா மாப்ள?" இங்கே அப்படி இல்லை மாமா என்றேன். "எழுதாம, நாளைக்கு எப்படித் திருப்பிச் செய்வாங்க?" நியாயமான கேள்விதான், என்னிடம் பதில் இல்லை.

இரண்டு கையாலும் கொடுக்கணும் என்று சொல்லி வைத்திருந்தேன், அப்படியே கொடுத்தார். மாமியார் இரண்டு கையாலும் வாங்கினார். அவர் கட்டைவிரல் அந்த நாணயத்தின் மேல் பட்டது. முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, கை மட்டும் ஒரு நொடி நின்றது. பிறகு கவரின் மேல் மூலையை வெற்றிலைக் காம்பு கிள்ளுகிற மாதிரி சின்னதாக மடித்தார். "தோ ஜே, தோ ஜே" (நன்றி, நன்றி) என்று சொல்லிக்கொண்டே கவரை மாமா கையிலேயே திருப்பி வைத்துவிட்டார்.

மாமா முகம் செத்துவிட்டது. நம் ஊரில் மொய்யைத் திருப்பிக் கொடுத்தால் உன் உறவே வேண்டாம் என்று அர்த்தம். அவர் ஒன்றும் சொல்லாமல் போய் உட்கார்ந்தார். கோழி வந்தது, ஆவியில் வெந்த முழு மீன் வந்தது, அவர் வேர்க்கடலையை மட்டும் கொறித்துக்கொண்டிருந்தார். அம்மா என் கோட்டைப் பிடித்து இழுத்தார்: "உன் மாமியா என்னடா பண்ணி வெச்சிருக்கா?"

நானும் மனைவியும் மேசை மேசையாகக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறோம். பதினொன்றாவது மேசைக்கும் பன்னிரண்டாவது மேசைக்கும் நடுவே அவள் விளக்கினாள். குவாங்தொங்கில் இந்தப் பக்கமெல்லாம் அதுதான் வழக்கமாம். மனசை எடுத்துக்கொண்டோம், பணம் உங்களிடமே இருக்கட்டும் என்பதற்குத்தான் அந்த மூலை மடிப்பு. வந்த எல்லோருக்கும் அப்படித்தான் திரும்பியிருக்கிறது. (வேறு மாகாணங்களில் இப்படி இல்லை. அங்கே பணத்தை வைத்துக்கொள்வார்கள், பெயரும் தொகையும் எழுதச் சிவப்பு நோட்டும் உண்டு. மாமா அங்கே பெண் எடுத்திருந்தால் சொர்க்கத்தில் இருந்திருப்பார்.)

கை ஒரு நொடி நின்றதற்குக் காரணம் வேறு. கான்டனீஸ், அதாவது இந்தக் குவாங்தொங் பக்கத்து ஆட்கள், சாவு வீட்டில் கொடுக்கிற பணம்தான் ஒற்றைப்படையில், 101 என்று முடியும். துக்கம் கேட்கப் போனவர்களுக்குத் திரும்பி வரும்போது ஒரு சின்ன வெள்ளைக் கவரில் ஒரு மிட்டாயும் ஒரு நாணயமும் கொடுப்பார்கள். அந்தக் காசை வீடு போய்ச் சேர்வதற்குள் செலவழித்துவிட வேண்டும். வெளிர் நிறக் கவர், அதில் தட்டுப்படுகிற ஒற்றை நாணயம், அதுவும் மகள் கல்யாணத்தில்! அந்த அம்மா கவரைக் கீழே போடாததே பெரிய விஷயம். நம் ஊரில் அந்த ஒரு ரூபாய் கணக்கு முடிந்துவிடாமல் தொடர்வதற்கு என்று நான் சொன்னதும் மனைவி நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

மாமாவிடம் எத்தனை விளக்கியும் ஏறவில்லை. மூன்றாம் நாள் மறுவீடு. நாங்கள் மாமனார் வீட்டுக்கு முழுசாக வறுத்த பன்றி ஒன்று கொண்டுபோனோம், அது முறை. அவர்கள் நடுப்பகுதியை வெட்டி எடுத்துக்கொண்டு தலையையும் வாலையும் அழகாகப் பெட்டியில் கட்டி எங்களிடமே தந்தார்கள். தலையும் வாலும் இருந்தால் எடுத்த காரியம் முழுசு என்று கணக்கு. வீட்டில் பெட்டியைத் திறந்து பார்த்த அம்மா, "பக்கத்து வீட்டுக்காரி பாத்திரத்தை நாம வெறுமையாவா திருப்பிக் கொடுக்கிறோம்? அதான்டா இது" என்றார். மாமா பன்றித் தலையையே ரொம்ப நேரம் பார்த்தார். "இதையே திருப்பித் தர்றவங்க என் ஆயிரத்தையா வெச்சுக்கப் போறாங்க" என்றார். அன்றைக்குத்தான் சாப்பிட்டார்.

ஆக, உங்கள் அம்மாவிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான் தம்பி. மொய் கவரை ஊரிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். சிவப்பு உறை இங்கே தெருவுக்குத் தெரு கிடைக்கும். நாணயம் வேண்டாம், தொகையில் 4 வேண்டாம்.

ஈப்போ

மலேசியாவில் நாலைந்து தலைமுறையாகச் சீனர்களோடு ஒரே ஊரில் இருந்தும் நாங்களே தப்பு பண்ணியிருக்கிறோம், நீங்கள் பண்ணுவதில் என்ன. என் அண்ணன் கட்டியது கான்டனீஸ் பெண்ணை. எங்கள் சித்தப்பா பரிசாகக் கொண்டுவந்தது முருகன் படம் போட்ட சுவர்க் கடிகாரம். கடிகாரம் கொடுப்பது என்பதும் கடைசிக் காலத்தில் வழியனுப்பி வைப்பது என்பதும் சீனத்தில் ஒரே உச்சரிப்பு. அண்ணியின் பாட்டி சட்டென்று பையிலிருந்து ஒரு வெள்ளிக் காசை எடுத்து சித்தப்பா கையில் திணித்தார். இனி அது பரிசு இல்லை, காசு கொடுத்து வாங்கியது. முருகன் இன்னும் அவர்கள் ஹாலில் சரியான நேரம் காட்டிக்கொண்டிருக்கிறார்.

நான்சாங், ஜியாங்ஷி மாகாணம் (மருமகள்)

நான் இங்கே மருத்துவம் படிக்க வந்தவள், கூடப் படித்தவரையே கட்டிக்கொண்டேன். என் கதை தலைகீழ்.

மாப்பிள்ளை வீடு பெண் வீட்டுக்குக் கொடுக்கும் பணம் சாய்லி. அது அதிகம் என்று சீனா முழுக்கப் பேச்சு வாங்குகிற மாகாணம் எங்களுடையது. வீடியோ காலில் மாமனார் தயங்கித் தயங்கி, "நீங்கள் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?" என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். நான் பிறந்ததிலிருந்து பவுன் பவுனாகச் சேர்த்த என் அப்பா, திருநெல்வேலியில் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு, "லைன் சரியில்ல, திருப்பிச் சொல்லு" என்றார். திருப்பிச் சொன்னேன். "அவங்க குடுக்காங்களா, நாம குடுக்கணுமா?" பக்கத்தில் பாட்டி குரல்: "பரிசம் போடுதாங்கல. எனக்குப் போடலியா?"

கடைசியில் 10,001 யுவான் என்று முடிந்தது. பத்தாயிரத்தில் ஒருத்தியாகத் தேடி எடுத்தவள் என்று பொருள். மேலே ஃபோஷான் அண்ணன் அந்த ஒன்றால் பட்ட பாட்டைப் படித்துவிட்டுச் சிரித்தேன். ஊருக்கு ஊர் கேட்டுக்கொள்ளுங்கள். பணம், நகை கைமாறினால் எழுதியும் வையுங்கள். பின்னால் பிரிய நேர்ந்தால் சாய்லியைத் திருப்புவது பற்றி உச்ச மக்கள் நீதிமன்றத்தின் விதிகள் 2024 பிப்ரவரி 1 முதல் நடப்பில் இருக்கின்றன.

உறவுமுறை நமக்கு லேசு. பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமா, அத்தை எல்லோருக்கும் இங்கேயும் தனித்தனிச் சொல். என்னோடு படித்த வெளிநாட்டுப் பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்து அழுதார்கள், நான் ஒரே சாயங்காலத்தில் முடித்தேன். அந்தத் தைரியத்தில்தான் சாப்பாட்டு மேசையில் உளறினேன். உன் அப்பா அம்மா எப்படிச் சந்தித்தார்கள் என்று கேட்டார்கள். "சந்திக்கவெல்லாம் இல்லை. அம்மா, அப்பாவுக்கு மாமன் மகள்." சாப்ஸ்டிக் எல்லாம் அந்தரத்தில் நின்றது. இங்கே 1980 திருமணச் சட்டத்திலிருந்து அத்தை மகன், மாமன் மகள் கட்டுவதற்குத் தடை. கணவரின் தங்கை என் முகத்தை உற்றுப் பார்த்தாள், ஏதாவது குறை தெரிகிறதா என்று. காது கேட்காது என்று எல்லோரும் நினைத்திருந்த பாட்டி மட்டும், "எங்க காலத்துல இங்கேயும் உண்டு" என்று சொல்லிவிட்டு சூப்பை உறிஞ்சினார்.

கல்யாணம் ஒரு நாள் கூத்து. அதற்குப் பிறகுதான் இருக்கிறது. பிள்ளை பிறந்ததும் ஒரு மாதம் அறையை விட்டு நகரக் கூடாது. பச்சைத் தண்ணீர் தொடக் கூடாது, காற்றுப் படக் கூடாது, தலைக்குக் குளிக்கக் கூடாது. கோழி சூப், அரிசி மதுவில் வெந்த முட்டை. நானே டாக்டர், வேர்த்துக் கொட்டுகிறது, குளிக்கலாம் என்று விளக்கினேன். ஊரிலிருந்து அம்மாவை வரவழைத்தேன், எனக்குத் துணையாக இருப்பார் என்று. அம்மா பையைத் திறந்தார்: சுக்கு, பிரசவ லேகியம், காதுக்குப் பஞ்சு. மாமியார் பஞ்சைப் பார்த்தார், அம்மா என் தலையில் கட்டியிருந்த துணியைப் பார்த்தார். ஒருவர் பேசுவது மற்றவருக்கு ஒரு வார்த்தை புரியாது. அந்த நிமிடத்திலிருந்து இருவரும் ஒரு கட்சி, நான் தனி.

இரண்டு விஷயத்தை மட்டும் கல்யாணத்துக்கு முன்பே உட்கார்ந்து பேசுங்கள். குடும்பத்தோடு சேர்வதற்கான விசாவில் வேலை பார்க்க முடியாது, அதற்கு வேறு அனுமதி வேண்டும். பிள்ளைக்கு எந்த நாட்டுக் குடியுரிமை என்பது இன்னொன்று. இரட்டைக் குடியுரிமையை இந்தியாவும் ஒத்துக்கொள்ளாது, சீனாவும் ஒத்துக்கொள்ளாது. எங்களுக்கு இதில் வந்த சண்டை அந்த ஒரு மாதச் சிறையைவிடப் பெரியது.

ஷென்ஜென் (கல்யாணம் முடிந்து நாலு நாள்)

நன்றி, எல்லோருக்கும். கவர் கொண்டுவர விடவில்லை. கடிகாரம் ஒன்று பெட்டிக்குள் இருந்தது, ஈப்போக்காரர் புண்ணியத்தில் விமான நிலையத்திலேயே பிடித்துவிட்டேன்.

டீ சடங்கை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். முதலில் அப்பா, அம்மாவுக்கு. சிவப்புப் பேரீச்சை, தாமரை விதை போட்ட டீ. சடங்கை நடத்த தாய் கம் ஜே என்று ஒரு பெரிய அம்மா வந்திருந்தார். ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு மங்கல வாசகம் பாட்டாகச் சொல்கிறார். அப்பா ஒரு வாய் குடித்து உறையைக் கொடுத்துவிட்டார், சுமுகமாகப் போனது. அடுத்து அம்மா. சிவப்பும் தங்கமுமாக ஜொலிக்கிற உடையில் அவள் மண்டி போட்டு, கோப்பையை இரண்டு கையாலும் நீட்டி, பத்து நாளாகப் பழகிய தமிழில் சொன்னாள்: "அத்தே, டீ குடிங்க."

அம்மா கோப்பையை வாங்கவில்லை. குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார். காலை நாலு மணிக்கு எழுப்பித் தலை சீவிவிட்ட பெண், உதடு காய்ந்திருந்தது.

"நீ குடிச்சியாம்மா?"

முழு ஹாலும் காத்திருக்கிறது. அவளுக்கு அதில் புரிந்த ஒரே சொல் 'குடி'. திரும்பி என்னைப் பார்த்தாள், பிறகு கோப்பையைத் தூக்கி மடக் மடக்கென்று குடித்துவிட்டாள். பேரீச்சையையும் சேர்த்து.

தாய் கம் ஜேவிடம் இதற்கு வாசகம் எதுவும் இல்லை போலிருக்கிறது. பாட்டை நிறுத்திவிட்டு இன்னொரு கோப்பை ஊற்றினார்.