செயலி காட்டும் உயரமும் கட்டுப்பாட்டாளர் திரையில் தெரியும் உயரமும் ஒன்றா?

பாசிர் ரிஸ் வாசி

வணக்கம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் இம்மாதங்களில் விமானங்கள் வடக்கிலிருந்து வந்து தரையிறங்குவதால், ஞாயிறு மாலைகளில் நானும் என் மகளும் சாங்கி கடற்கரைப் பூங்காவில் அமர்ந்து, விமானங்களின் தடத்தைக் காட்டும் கைப்பேசிச் செயலியுடன் பொழுதைக் கழிப்போம். சென்ற வாரம் மகள் ஒரு கணக்குப் போட்டாள். 3 பாகைச் சரிவில் வரும் விமானம் கடல் மைலுக்கு ஏறத்தாழ 318 அடி இறங்கி, ஓடுபாதை முனையைச் சுமார் 50 அடி உயரத்தில் கடக்கும். ஆகவே முனைக்கு ஒரு கடல் மைல் முன்னால், சாங்கியின் நிலமட்டமான 22 அடியைச் சேர்த்தாலும், கடல்மட்டத்திலிருந்து 390 அடியில் இருக்க வேண்டும். செயலியோ 525 அடி என்றது. ஒரு விமானத்துக்கு மட்டும் என்றால் விட்டிருப்போம். பார்த்த ஏழு விமானங்களுக்கும் ஏறக்குறைய அதே வேறுபாடு. வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் பார்ப்பதும் இந்த எண்ணைத்தானா? விமானியின் உயரமானியே தவறாகக் காட்டினால், தரையில் இருப்பவர் அதைக் கண்டுபிடிக்க முடியுமா?

ரேடார் அறை (ஓய்வு)

உங்கள் மகளின் கணக்குச் சரி. செயலி சொல்வதும் பொய்யில்லை. அது வேறொன்றைச் சொல்கிறது. விமானத்தின் டிரான்ஸ்பாண்டர், அதாவது ரேடாருக்குத் தானாகப் பதில் அனுப்பும் கருவி, தெரிவிக்கும் உயரம் எப்போதும் 1013.25 ஹெக்டோபாஸ்கல் என்னும் செந்தர அழுத்தத்தை அடிப்படையாகக் கொண்டது. அன்று மாலை சாங்கியில் கடல்மட்ட அழுத்தம், அதாவது நாங்கள் கியூ.என்.எச் என்பது, 1008 ஆக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு ஏறத்தாழ 27 அடி என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள். உங்கள் வேறுபாடு கிடைத்துவிடும். பல செயலிகள் இந்தத் திருத்தத்தைச் செய்யாமலே எண்ணைக் காட்டிவிடுகின்றன.

எங்கள் கணினி அப்படி விடாது. சிங்கப்பூரில் 11,000 அடிக்குக் கீழே உயரம் உள்ளூர் அழுத்தத்தின்படிதான் சொல்லப்படும் என்பதால், அந்த எல்லைக்குக் கீழே வரும் விமானத்தின் எண்ணைக் கணினியே கியூ.என்.எச் கொண்டு திருத்தித் திரையில் இடும். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது, புதிதாகப் பயிற்சிக்கு வருபவர்களும் இதில்தான் தடுமாறுவார்கள். விமானி தம் உயரமானியில் எந்த அழுத்தத்தைத் திருகி வைத்தாலும் டிரான்ஸ்பாண்டர் அனுப்பும் எண் மாறுவதில்லை. ஆகையால் அவர் தவறான அழுத்தத்தை வைத்து, 3,000 அடியில் பறப்பதாக நம்பிக்கொண்டு 2,700 அடியில் பறந்தால், எங்கள் திரையில் 2,700 தான் தெரியும். உங்கள் இரண்டாம் கேள்விக்கு விடை: முடியும், பார்த்துக்கொண்டிருந்தால்.

வலது இருக்கை

முந்தைய பதிலுடன் உடன்படுகிறேன். ஆனால் எல்லா இறக்கமும் ஒரே வகையன்று என்பதைச் சேர்க்க வேண்டும். ஐ.எல்.எஸ் என்னும் கருவிவழித் தரையிறக்க முறையில் சரிவுப் பாதை என்பது தரையிலிருந்து வரும் வானொலிக் கற்றை. அழுத்தத்தைத் தவறாக வைத்தாலும் கற்றை நகராது. குறித்த தூரத்தில் வரைபடம் சொல்லும் உயரத்துடன் உயரமானியை ஒப்பிடும்போது தவறு அங்கேயே அகப்பட்டுவிடும். செயற்கைக்கோள் வழிகாட்டலில், உயரத்தைக் காற்றழுத்தத்தால் கணிக்கும் இறக்கங்களில் அந்தப் பாதுகாப்பு இல்லை. பாதையும் அதைச் சரிபார்க்கும் உயரமானியும் ஒரே தவறான எண்ணிலிருந்து பிறப்பதால், ஒப்பிட்டால் எல்லாம் பொருந்துவதாகவே தோன்றும்.

2022 மே 23 அன்று பாரிஸ் சார்ல் த கோல் விமான நிலையத்தில் நடந்தது இதுதான். அழுத்தத்தை 1001 என்று சொல்லியிருக்க வேண்டிய கட்டுப்பாட்டாளர் 1011 என்றார். விமானிகள் அதையே திருப்பிச் சொன்னார்கள். ஏர்பஸ் ஏ320 ஏறத்தாழ 280 அடி தாழ்வாக, மேகத்துக்குள், பாதையில் சரியாக இருப்பதாக நம்பியபடி இறங்கியது. மீண்டும் மேலெழுவதற்குள் ஓடுபாதைக்கு முன்பே தரையிலிருந்து 6 அடி வரை வந்துவிட்டது. திருப்பிச் சொல்லும் வழக்கம் செவிப்பிழையைத்தான் பிடிக்கும். சொன்னவரே தவறாகச் சொன்னால், அது தவற்றை உறுதிப்படுத்திவிடும்.

நம் ஊரில் அழுத்தம் நாளுக்கு இரு முறை ஏறி இறங்கினாலும் சில ஹெக்டோபாஸ்கலுக்கு மேல் மாறுவது அரிது. 1001 என்று யாரேனும் சொன்னால் இங்குப் பழகிய விமானி உடனே புருவத்தை உயர்த்துவார். ஐரோப்பாவில் இரண்டுமே சாதாரண எண்கள்.

ரேடார் அறை (ஓய்வு)

பாரிஸ் நிகழ்வில் தரைக் கணினியிடம் சரியான அழுத்தம் இருந்ததால், விமானம் ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்தால் கட்டுப்பாட்டாளரை உஷார்ப்படுத்தும் குறைந்தபட்சப் பாதுகாப்பு உயர எச்சரிக்கை ஒலிக்கவும் செய்தது. அப்போது கட்டுப்பாட்டாளர், "உயரம் குறைவு, உயரத்தை உடனே சரிபாருங்கள்" என்று சொல்லி, அதோடு கியூ.என்.எச் எண்ணையும் சொல்ல வேண்டும் என்பது விதி. அங்கே அந்தச் சொற்றொடர் பயன்படுத்தப்படவில்லை. அந்த எண்ணைச் சேர்ப்பது வெறும் சடங்கு என்று இளையவர்கள் சலித்துக்கொள்வதை நானே கேட்டிருக்கிறேன்.

பசிபிக் தீவான குவாமில் 1997 ஆகஸ்ட் 6 அன்று நிலைமை இன்னும் மோசம். தேவையற்ற எச்சரிக்கைகள் அடிக்கடி ஒலித்ததால், இந்த எச்சரிக்கை அமைப்பை விமான நிலையத்தைச் சுற்றிப் பெரும்பாலான பரப்பில் செயலிழக்க வைத்திருந்தார்கள். ஐ.எல்.எஸ் சரிவுக் கற்றையும் பழுதுபார்ப்பில் இருந்த அந்த இரவில், கொரியன் ஏர் 801 நிமிட்ஸ் குன்றில் மோதி 228 பேர் இறந்தனர்.

பாசிர் ரிஸ் வாசி

இருவருக்கும் நன்றி. வானிலைப் பதிவைத் தேடிப் பார்த்தோம். அன்று மாலை 6 மணிக்குச் சாங்கியில் 1008 தான். இனிப் பூங்காவுக்குப் புறப்படுமுன் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு செல்ல வேண்டும் என்று மகள் சொல்லிவிட்டாள்.