கத்தி பட்டதா, படவில்லையா? 'சைக்கோ' குளியலறைக் காட்சி பற்றி

நள்ளிரவுக்காட்சி:
விடுமுறையில் மூன்று பழைய படங்கள் பார்த்தேன். மனதில் தோன்றியதை எழுதுகிறேன்.

'ஒனிபாபா' (ஜப்பான், 1964): மூன்றில் இதற்குத்தான் முதல் இடம். ஆளுயர நாணல் காடு, அதற்குள் ஒரு மாமியாரும் மருமகளும். போரிலிருந்து தப்பி வரும் வீரர்களைக் கொன்று குழியில் தள்ளிவிட்டு, அவர்களுடைய கவசத்தையும் ஆயுதத்தையும் விற்று வயிறு வளர்க்கிறார்கள். முகமூடி வருவதற்கு முன்பே அவர்களுடைய பசியே பயமுறுத்திவிடுகிறது. நாணல் அசையும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

'லே டியபோலிக்' (பிரான்ஸ், 1955): முதல் பாதி இழுவை. கடைசியில் அந்தக் குளியல் தொட்டி வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

'சைக்கோ' (அமெரிக்கா, 1960): ஹிட்ச்காக் எடுத்த நல்ல படம்தான், ஆனால் அதைச் சுற்றிக் கட்டிவிட்ட கதைகள் அதிகம். குளியலறைக் கொலையில் 'கத்தி உடம்பில் படவே இல்லை' என்று பெரியவர்கள் சொல்லிச் சொல்லி என்னையும் நம்ப வைத்திருந்தார்கள். இந்த முறை ஒவ்வொரு ஃபிரேமாக நிறுத்திப் பார்த்தேன். தொப்புளுக்குப் பக்கத்தில் கத்தி முனை தோலில் படுகிறது. தெளிவாகவே படுகிறது. இனி யாரும் அந்தக் கதையைச் சொல்ல வேண்டாம்.

பழையரீல்:
'இனி யாரும் சொல்ல வேண்டாம்' என்று உத்தரவு போடுகிற அளவுக்குத் தம்பி வளர்ந்துவிட்டார், சந்தோஷம்.

அந்தக் காட்சியை எடுக்க ஏழு நாள் ஆயிற்று. எழுபதுக்கும் மேற்பட்ட கோணங்கள். திரையில் ஓடுவது முக்கால் நிமிடம். 1962இல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோ ஒரு வாரம் உட்கார்ந்து ஹிட்ச்காக்கைப் பேட்டி எடுத்தாரே, அதிலேயே அவர் சொல்லிவிட்டார்: கத்தி உடம்பைத் தொடவே இல்லை, எல்லாம் வெட்டி ஒட்டியதில் வந்தது என்று. படம் எடுத்தவர் சொன்னதை விட, ரிமோட்டை அமுக்கி அமுக்கிப் பார்த்தவர் சொல்வது பெரிதா?

கத்தி படவில்லை.

நள்ளிரவுக்காட்சி:
எடுத்தவர் சொன்னால் வேதமா ஐயா? தன் படத்தைப் பற்றி இயக்குநர் பெருமையாகத்தான் பேசுவார். நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன், நீங்கள் யாரோ சொன்னதைச் சொல்கிறீர்கள். கத்தி பட்டது.

இருட்டறை:
பட்டால் என்ன, படாவிட்டால் என்ன? அந்தக் காலத்தில் கலர் கிடையாது, ரத்தத்துக்குச் சாக்லெட் சாறு ஊற்றினார்கள். கறுப்பு வெள்ளையில் எது பட்டது, எது படவில்லை என்று யாருக்குத் தெரியும்?

பழையரீல்:
இருட்டறை, கலர் கிடையாது என்று எங்கே படித்தீர்கள்? 'வெர்டிகோ' 1958, 'நார்த் பை நார்த்வெஸ்ட்' 1959. இரண்டுமே கலர், இரண்டுமே ஹிட்ச்காக். 'சைக்கோ'வைத் தெரிந்தேதான் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். கலரில் அவ்வளவு ரத்தம் கூடாது என்பது ஒரு காரணம், செலவு இன்னொரு காரணம். எட்டு லட்சம் டாலர் சொச்சத்தில் முடித்த படம். தன்னுடைய டிவி தொடரில் வேலை பார்த்த ஆட்களையே ஒளிப்பதிவுக்கு வைத்துக்கொண்டார்.

சாக்லெட் சாறு விஷயம் மட்டும் சரி.

இருட்டறை:
சரி என்று ஒப்புக்கொண்டதற்கு நன்றி. மற்றதையும் ஒரு நாள் ஒப்புக்கொள்வீர்கள்.

தரை_டிக்கெட்:
ஒரு சின்ன சந்தேகம். 'படுவது' என்றால் தோலைத் தொடுவதா, தோலுக்குள் இறங்குவதா? நள்ளிரவு தொடுவதைச் சொல்கிறார், பழையரீல் ஐயா குத்துவதைச் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. முதலில் அதை முடிவு செய்துகொண்டால் நல்லது.

நள்ளிரவுக்காட்சி:
தொப்புளுக்குப் பக்கத்தில் ஐயா. கத்தி முனை. நிறுத்திப் பாருங்கள்.

பழையரீல்:
நிறுத்திப் பார்ப்பது படம் பார்ப்பதே இல்லை. எட்டு வருடம் ஒரு கொட்டகையில் ஆப்பரேட்டர் ரூமில் வேலை பார்த்தவன் நான். ஒரு வினாடிக்கு 24 ஃபிரேம் ஓடும். நீங்கள் நிறுத்தி வைத்திருப்பது அதில் ஒன்று. ஒரு ஃபிரேமில் கத்தியும் வயிறும் ஒட்டியது போலத் தெரியும். கத்தி முன்னால் இருக்கலாம், வயிறு பின்னால் இருக்கலாம். கேமராவுக்கு ஒற்றைக் கண்தான். இது தெரியாமல் 'பட்டது, பட்டது' என்றால்?

அந்தக் காட்சி ஏன் இன்னும் பேசப்படுகிறது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். கத்தி ஓங்குகிறது, அடுத்தது அவள் முகம், அடுத்தது தண்ணீர், அடுத்தது கை. வெட்டுவது கத்தி இல்லை, எடிட்டிங் மேஜை. குத்தும் சத்தத்துக்கு முலாம்பழத்தைக் குத்திப் பதிவு செய்தார்கள். அங்கே இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் இருந்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் கேட்காமல் வயலின்களை வைத்து இழுத்துக் காட்டியதும் மனம் மாறினார். படம் முழுக்கத் தந்தி வாத்தியங்கள்தான், வேறு ஒன்றும் கிடையாது. இவ்வளவும் சேர்ந்துதான் நம் தலைக்குள் கத்தி இறங்குகிறது. உடம்பில் இறங்கவில்லை. படவும் இல்லை.

நள்ளிரவுக்காட்சி:
முலாம்பழம், வயலின் எல்லாம் எனக்கும் தெரியும். நான் கேட்டது அதுவா? ஒரு ஃபிரேம் இல்லை, தொடர்ந்து சில ஃபிரேம்கள். முனை பட்ட இடத்தில் தோல் அமுங்குகிறது. கத்தி முன்னால், வயிறு பின்னால் என்றால் தோல் எப்படி அமுங்கும்? ஆப்பரேட்டர் ரூமில் இதற்குப் பதில் இருக்கிறதா?

கடைசிபெஞ்ச்:
கத்தியை வயிற்றில் வைத்துவிட்டு, வெளியே இழுப்பதைப் படம் பிடித்து, அதைத் தலைகீழாக ஓட்டியிருக்கலாம். அப்படிச் செய்தால் குத்துகிற மாதிரியே தெரியும், யாருக்கும் அடிபடாது. குறும்படத்தில் நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

நள்ளிரவுக்காட்சி:
பார்த்தீர்களா? வயிற்றில் *வைத்துவிட்டு* என்கிறார். வைத்தால் பட்டதுதானே?

பழையரீல்:
கடைசிபெஞ்ச், குறும்படம் எடுத்ததற்கு வாழ்த்துகள். இப்படித்தான் ஒவ்வொருவரும் ஒரு குறும்படத்தை எடுத்துவிட்டு ஹிட்ச்காக்குக்குப் பாடம் சொல்ல வந்துவிடுகிறீர்கள்.

கடைசிபெஞ்ச்:
நான் பாடம் சொல்லவில்லை அண்ணே. இருக்கலாம் என்றுதான் சொன்னேன். இதற்கு எதற்கு இவ்வளவு கோபம்?

இருட்டறை:
ஹிட்ச்காக், ஹிட்ச்காக் என்று உருகுகிறீர்களே, அந்தக் காட்சியை எடுத்ததே சால் பாஸ்தானாம். அவரே சொல்லியிருக்கிறார். உங்கள் கணக்குப்படி எடுத்தவர் சொல்வதுதானே கடைசி வார்த்தை? அப்படியென்றால் சால் பாஸைத்தான் கேட்க வேண்டும்.

பழையரீல்:
இதற்காகத்தான் காத்திருந்தேன். சால் பாஸ் எழுத்துகள் வரும் டைட்டிலை வடிவமைத்தார். அந்தக் காட்சிக்குக் கட்டம் கட்டமாகப் படம் வரைந்து கொடுத்தார். பெயர்ப் பட்டியலில் அவருக்கு அதற்கான இடமும் இருக்கிறது. ஆனால் தளத்தில் நின்று எடுத்தது ஹிட்ச்காக். குளியலறையில் நனைந்துகொண்டு நின்ற ஜேனட் லீயே பாஸ் அதை இயக்கவில்லை என்று சொல்லிவிட்டார். வரைந்தவர் எல்லாம் இயக்குநர் என்றால், வீட்டுக்கு வரைபடம் போட்டவர் கொத்தனார் ஆகிவிடுவாரா?

இருட்டறை:
ஜேனட் லீ தன்னுடைய காட்சிகளில் டூப்பே கிட்டத்தட்ட இல்லை என்றும்தான் சொன்னார். மார்லி ரென்ஃப்ரோ என்கிற பெண் அந்த வாரம் முழுக்க டூப்பாக வேலை பார்த்திருக்கிறார். அதையும் நம்புகிறீர்களா? உங்களுக்குப் பிடித்ததைச் சொன்னால் சாட்சி, பிடிக்காததைச் சொன்னால் சாட்சி இல்லையா?

நள்ளிரவுக்காட்சி:
சரியான கேள்வி. அது யார் வயிறு என்பதே சந்தேகம். ஆனால் யார் வயிறாக இருந்தாலும் கத்தி பட்டது.

தரை_டிக்கெட்:
மறுபடியும் கேட்கிறேன், தொடுவதா, குத்துவதா?

பழையரீல்:
நள்ளிரவு, உங்களிடம் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. போன வருடம் இதே இடத்தில் 'மூடுபனி'யை ஒரே வரியில் 'சைக்கோ காப்பி' என்று எழுதிவிட்டுப் போனவர்தானே நீங்கள்? நான் அதை மறக்கவில்லை. 1980இல் பாலு மகேந்திரா அந்த ஊட்டிப் பனியை எடுத்த விதம், பிரதாப் போத்தன் முகத்தில் அந்தக் குழந்தைத்தனமும் பயமும் சேர்ந்து வருவது, இளையராஜாவுக்கு அது நூறாவது படம். இவ்வளவையும் ஒரே சொல்லில் தள்ளிவிட்டீர்கள். அன்றைக்கும் ஒரு காட்சியை நிறுத்தி வைத்துக்கொண்டுதான் பேசினீர்கள்.

நள்ளிரவுக்காட்சி:
தாக்கம் இருக்கிறது என்று இப்போதும் சொல்வேன். தாயின் நினைவு, அதனால் பெண்களைக் கொல்பவன், அவனுடைய தனிமை, இதெல்லாம் எங்கிருந்து வந்தது? அது ஒரு நாவலிலிருந்து எடுத்தது என்பீர்கள். 'சைக்கோ'வும் ராபர்ட் ப்ளாக் எழுதிய நாவல்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க உங்களுக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

பொன்நிலா:
'மூடுபனி'யை யாராவது ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் நான் விடமாட்டேன். 'என் இனிய பொன் நிலாவே' ஒன்று போதும். கொலைகாரன் கிடாருடன் உட்கார்ந்து பாடுகிறான், நமக்கு அவன் மீது இரக்கம் வருகிறது. ஹிட்ச்காக் தன் கொலைகாரன் நார்மன் பேட்ஸைப் பாட வைத்தாரா?

இருட்டறை:
அங்கே பாட்டு வைத்தால் படம் ஓடாது. இங்கே பாட்டு வைக்காவிட்டால் படம் ஓடாது.

பொன்நிலா:
'அந்த நாள்' 1954இல் பாட்டே இல்லாமல் வந்தது, தெரியுமா? தெரியாமல் பேசாதீர்கள்.

இருட்டறை:
வந்தது. ஓடியதா?

பொன்நிலா:
ஓடுவதும் ஓடாததும்தான் உங்களுக்குப் படமா? மத்திய அரசின் விருது பெற்ற படம் அது. உங்களிடம் பேசி என் பொழுதை வீணாக்க மாட்டேன்.

கடைசிபெஞ்ச்:
நள்ளிரவு அண்ணே, நீங்கள் பார்த்தது எந்தப் பிரதி? 2020இல் வெட்டு இல்லாத பழைய பிரதி ஒன்று வெளிவந்தது. அதில் சில வினாடிகள் கூடுதல். மாடிப்படியில் துப்பறிவாளர் சாகும் இடத்தில் கத்திக்குத்து அதிகம், நார்மன் கையில் ரத்தம் தெரிவதும் கொஞ்சம் நீளம்.

நள்ளிரவுக்காட்சி:
எந்தப் பிரதியாக இருந்தால் என்ன? நான் சொல்லும் இடம் குளியலறை. எல்லாப் பிரதியிலும் இருக்கிறது. பழையரீல் ஐயா கொட்டகையில் ஓட்டிய காலத்திலும் இருந்திருக்கும், அவர் ரீல் மாற்றுவதில் மும்முரமாக இருந்திருப்பார்.

பழையரீல்:
என் வேலையை இழுக்காதீர்கள். அந்த வேலையைப் பார்த்துத்தான் என் பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். இருட்டில் நின்று, ஒரு சின்ன ஓட்டை வழியாக, ஒரே படத்தை ஐம்பது தடவை பார்த்திருக்கிறேன். எந்த இடத்தில் ஜனங்கள் கத்துவார்கள் என்பது எனக்கு மனப்பாடம். அவர்கள் ஒரு ஃபிரேமைப் பார்த்துக் கத்தவில்லை. முக்கால் மணி நேரம் கூடவே வந்த கதாநாயகியைப் பாதிப் படத்தில் கொன்றுவிட்டார்களே என்று கத்தினார்கள். திருடிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அவள் மனம் மாறிய பிறகு கொன்றார்களே என்று கத்தினார்கள். இந்தப் படத்துக்குத் தாமதமாக வருகிறவர்களை உள்ளே விடக்கூடாது என்று ஹிட்ச்காக் கண்டிப்பாகச் சொன்னார். ஏன் சொன்னார்? முழுதாகப் பார்க்க வேண்டும் என்பதற்காக. நீங்கள் முழுதாகப் பார்க்கவே இல்லை, துண்டு துண்டாகப் பார்த்திருக்கிறீர்கள்.

அந்தக் காட்சி எடுத்தபோது நார்மனாக நடித்த ஆன்டனி பெர்கின்ஸ் அங்கே இல்லை. நியூயார்க்கில் நாடக ஒத்திகையில் இருந்தார். கத்தி பிடித்தது வேறு ஒருவர். கொலைகாரன் இல்லை, ரத்தம் இல்லை, குத்து இல்லை. எதுவுமே இல்லாமல் ஒரு கொலையைக் காட்டினார் மனிதர். அந்த வித்தையைப் போய் 'தோல் அமுங்கியது' என்று கணக்குப் பார்க்கிறீர்களே, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

நள்ளிரவுக்காட்சி:
உங்கள் வேலையைக் குறைவாகச் சொல்லவில்லை ஐயா, அப்படித் தோன்றியிருந்தால் மன்னிக்கவும். ஆனால் வித்தை பெரிது என்பதற்காக நடந்ததை நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. எனக்கும் அந்தக் காட்சி பிடிக்கும். பிடித்ததால்தான் அத்தனை தடவை பார்த்தேன். கத்தி பட்டது.

இருட்டறை:
ஆஸ்காரில் நான்கு பரிந்துரை, ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

பழையரீல்:
அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இருட்டறை:
கத்திக்கும் 'மூடுபனி'க்கும் என்ன சம்பந்தமோ அதே சம்பந்தம்தான்.

தரை_டிக்கெட்:
யாருமே எனக்குப் பதில் சொல்லவில்லை. சரி, 'ஒனிபாபா' எங்கே பார்த்தீர்கள் நள்ளிரவு? சப்டைட்டில் நன்றாக இருந்ததா?

நள்ளிரவுக்காட்சி:
நண்பர் ஒருவரிடம் டிஸ்க் இருந்தது. சப்டைட்டில் சுமார்தான், ஆனால் அந்தப் படத்தில் பேச்சு குறைவு, சமாளிக்கலாம். இரவில் தனியாகப் பாருங்கள். கடைசியில் மாமியார் முகத்திலிருந்து முகமூடியைக் கழற்ற முடியாமல் மருமகள் சுத்தியலை எடுப்பாளே, அந்த இடம்...

பழையரீல்:
அந்தச் சுத்தியல் முகமூடியில் பட்டதா என்றும் நிறுத்திப் பார்த்தீர்களா?

நள்ளிரவுக்காட்சி:
அது பட்டது. இதுவும் பட்டது.

பழையரீல்:
படவில்லை.