எல்லா லினக்ஸுக்கும் டி-ஸ்கெட்=0 தானா?

கரிசல்காடு:
நேற்று இங்கே ஒருவர் எழுதியது: “விர்ச்சுவல் மெஷினில் (விஎம், கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) பாட்டு கரகரத்தால் டீஃபால்ட்.பிஏ கோப்பில் டி-ஸ்கெட்=0 போடுங்கள், எல்லா லினக்ஸுக்கும் இதுதான் மருந்து.” படித்ததும் எரிச்சல் தாங்கவில்லை. அது பல்ஸ்ஆடியோ என்ற பழைய ஒலி சர்வரின் அமைப்புக் கோப்பு; டி-ஸ்கெட்=0 அதன் டைமர் முறையை அணைக்கும் வரி. லினக்ஸ் வகைகளான ஃபெடோராவில் 34, உபுண்டுவில் 22.10 முதல் ஒலிக்குப் பொறுப்பு பைப்வயர் என்ற புதிய சர்வர். அது அந்தக் கோப்பைத் திறந்தே பார்க்காது.

வைகைக்கரை:
எழுதினவன் நான்தான், பேரைச் சொல்லியே திட்டியிருக்கலாம். டி-ஸ்கெட்=0 போட்டேன், ரீஸ்டார்ட் பண்ணேன், கரகரப்பு போச்சு. வேற என்ன வேணும்?

கரிசல்காடு:
ரீஸ்டார்ட் பண்ணியதில் போயிருக்கும். டெர்மினலில் பேக்டிஎல் இன்ஃபோ (எந்த ஒலி சர்வர் ஓடுகிறது என்று காட்டும் கட்டளை) அடித்து, சர்வர் பெயர் வரியை இங்கே ஒட்டுங்கள். ‘பல்ஸ்ஆடியோ (ஆன் பைப்வயர்)’ என்று இருந்தால் உங்கள் மருந்து வெறும் தண்ணீர்.

வைகைக்கரை:
எனக்குப் பரீட்சை வைக்க நீங்க என்ன வாத்தியாரா? டி-ஸ்கெட்=0. வேலை செஞ்சுது.

நடுநிசி:
எந்த உபுண்டு என்று யாருமே கேட்கவில்லையே? 22.04 என்றால் பைப்வயர் உள்ளே இருந்தாலும் ஒலி பல்ஸ்ஆடியோ வழியாகத்தான் போகும். அங்கே டி-ஸ்கெட்=0 வேலை செய்யும். விஎம்மில் எமுலேட் செய்த, அதாவது மென்பொருள் போலியாக உருவாக்கிய சவுண்டு கார்டு, எவ்வளவு வாசித்து முடித்தேன் என்று சொல்லும் கணக்கு துல்லியமாக இருக்காது. டைமரை நம்பி ஓடினால் தடுமாறும். அந்த வரி டைமரை விட்டுவிட்டு கார்டு அனுப்பும் இன்டரப்ட் சிக்னலைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறது.

வைகைக்கரை:
பாத்தீங்களா, வேலை செய்யும்னு அவரே சொல்லிட்டார்!

கரிசல்காடு:
“எல்லா லினக்ஸுக்கும்” என்றீர்களே, அதற்குப் பதில் எங்கே? விஎம் என்று தெரிந்தால், பைப்வயரை நிர்வகிக்கும் வயர்பிளம்பர் பீரியட் சைஸ் (ஒரு தடவை கையாளும் ஒலித் துண்டு) 1024, ஹெட்ரூம் (தடுமாறாமலிருக்க முன்கூட்டியே சேர்த்து வைக்கும் ஒலி) 2048 சாம்பிள் என்று தானாகவே வைக்கும். அப்படியும் கரகரத்தால் ஹெட்ரூமை 8192 ஆக்குங்கள். 48,000 ஹெர்ட்ஸில் அது சுமார் 170 மில்லிசெகண்ட் தாமதம். பாட்டு கேட்கப் பாதகமில்லை, கேம் ஆடினால் தெரியும். வயர்பிளம்பர் 0.5-இல் லுவா மொழியில் எழுதிய பழைய அமைப்புக் கோப்புகள் எடுபடாது என்று போன மாதம் சொன்னபோதும் இதே வைகைக்கரைதான் சண்டைக்கு வந்தார்.

தாமிரபரணி:
4 கோர் மெஷின்ல நாலையும் கெஸ்ட்டுக்கே, அதாவது விஎம்முக்கே கொடுத்தா எந்த செட்டிங்கும் நிக்காது. முதல்ல 2 ஆக்கிப் பாருங்க.

கரிசல்காடு:
கோர் பற்றி இங்கே பேச்சே இல்லை. டி-ஸ்கெட் பற்றிப் பேசுகிறோம்.

தாமிரபரணி:
எது பேச்சுன்னு நீங்க மட்டும் முடிவு பண்ணுவீங்களா? விஎம்முக்குன்னே செஞ்ச சவுண்டு கார்டான விர்ட்டியோ சவுண்டு, விஎம் ஓட்டுற கியூஎம்யூ மென்பொருள் 8.2-ல வந்திருக்கு, லினக்ஸ் கெர்னல்ல 5.13-லேருந்தே டிரைவர் இருக்குன்னு எழுதினேன். அதையும் இப்படித்தான் அமுக்கினீங்க. நான் மறக்கலை.

கரிசல்காடு:
அமுக்கவில்லை. டெபியன் 11 லினக்ஸில் வரும் கியூஎம்யூ 5.2, அதில் எப்படி ஓடும் என்று கேட்டேன். நீங்கள்தான் பதில் சொல்லாமல் போனீர்கள். இருக்கட்டும், பேக்டிஎல் இன்ஃபோ இன்னும் வரவில்லை.

வைகைக்கரை:
வராது. என் விஎம்ல பாட்டு சுத்தமா ஓடிக்கிட்டிருக்கு. டி-ஸ்கெட்=0.