ஐம் (I'm), ஹீட் (he'd), இட்ஸ் (it's): உங்களைக் கவிழ்த்த ஆங்கிலச் சுருக்கம் எது?

பம்பரம்78:
போன் இன்டர்வியூ. பத்து நிமிடம் நன்றாகத்தான் போனது. கடைசியில் அந்த அம்மா, "ஆர் யூ வில்லிங் டு ரீலொகேட்?" என்றார். நானும் உற்சாகமாக "எஸ், ஐம்" என்றேன். மறுமுனையில் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று "ஹலோ" சொன்னால், "எஸ், யூ ஆர்...?" என்று கேட்கிறார். நான் வாக்கியத்தை முடிப்பேன் என்று காத்திருந்திருக்கிறார்! ஐ ஆம் என்றாலும் ஐம் என்றாலும் ஒன்றுதான் என்று பள்ளியில் எழுதிப்போட்டார்கள். கடைசியில் வரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வேலை கிடைத்தது, அது வேறு விஷயம்.

கோழித்தூக்கம்:
அமெரிக்க கால் சென்டர், மெத்தை வியாபாரம். ஒரு பாட்டி தன் மகனைப் பற்றி "ஹீட் புட் தி ஆர்டர் இன்" என்றார். நான் அந்த 'ஹீட்'டை 'ஹீ வுட்' என்று எடுத்துக்கொண்டேன். மகன் போடுவானாம், நாமே போட்டுவிடுவோமே என்று போட்டுவிட்டேன். பாட்டி சொன்னது 'ஹீ ஹேட்'. அவன் ஏற்கெனவே போட்டிருந்தான். பின்னால் 'கான்' (gone) வந்தால் ஹேட், 'கோ' (go) வந்தால் வுட் என்று பிடித்திருப்பேன். பாழாய்ப்போன 'புட்' இரண்டுக்கும் ஒன்றுதானே! வாசலில் இரண்டு மெத்தை.

இலக்கணப்புலி:
பம்பரம், பள்ளியைக் குறை சொல்லாதீர்கள். சுருக்கினால் 'ஆம்' அழுத்தம் இழந்துவிடும். பின்னால் சொல் இல்லையென்றால் அழுத்தம் அதன் மேல்தான் விழும், அதனால் சுருக்க முடியாது. 'நோ, ஐம் நாட்' சரி, அங்கே 'நாட்' தாங்கிக்கொள்கிறது. கோழித்தூக்கம், 'ஹீட் பெட்டர்' என்றால் எப்போதும் ஹேட், 'ஹீட் ராதர்' என்றால் பெரும்பாலும் வுட். எழுதும்போது 'இட்ஸ்' வந்தால் 'இட் இஸ்' அல்லது 'இட் ஹேஸ்' என்று விரித்துப் பாருங்கள். பொருந்தவில்லையா, அபாஸ்ட்ரபியை (எழுத்துக்கு மேலே போடும் அந்தச் சின்னக் குறியை) எடுத்துவிடுங்கள். தினமும் பத்து வாக்கியம் இப்படி எழுதிப் பழகலாம். என் அனுபவம்: கடை போர்டில் அந்த அபாஸ்ட்ரபியோடு எழுதி, மறுபடி பெயிண்ட் செலவு.

ஓலைப்பெட்டி:
புலி, போர்டுக்காக வருந்தாதீர்கள். 1787-இல் கையால் எழுதிய அமெரிக்க அரசியல் சாசனத்திலேயே, முதல் ஷரத்து 10-ஆம் பிரிவில், 'அதன்' என்ற பொருளில் அபாஸ்ட்ரபியோடு 'இட்ஸ்' இருக்கிறது. அந்தக் காலத்தில் அப்படியும் எழுதினார்கள். இதைச் சொல்லித்தான் டீச்சரிடம் அரை மார்க் கேட்டேன். தரவில்லை.

பம்பரம்78:
புலி, போனில் அழுத்தம் எங்கே விழுகிறது என்று பார்க்க நேரம் ஏது? இப்போதெல்லாம் யார் 'ஆர் யூ' என்று ஆரம்பித்தாலும் வெறும் 'எஸ்'தான்.